தூக்குத் தண்டனை கேட்பது சுலபம்

ஒரு சிறுமிக்கு ஏதாவது நடந்துவிட்டது என்று செய்தி வந்தால் அன்று பின்னேரமே பேஸ்புக் கொதிக்கத் தொடங்கிவிடும். "நடுறோட்டில வச்சுச் சுடோணும்", "தூக்கில போடோணும்" என்று வரிசையாகப் பதிவுகள். கூடவே, அந்தப் பிள்ளை பாடசாலைச் சீருடையோடு நிற்கும் படமும் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். இரண்டு கிழமையில் எல்லாம் அடங்கிவிடும். கோபம் நியாயமானது. ஆனால் அது அடுத்த பிள்ளையைக் காப்பாற்றுகிறதா?

2015 மே மாதம் புங்குடுதீவில் ஒரு மாணவி கொல்லப்பட்டபோது வடக்கில் கடைகள் பூட்டப்பட்டன, மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் இலங்கையில் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை. அப்படியே தூக்கிலிட்டாலும் அது எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருவது. நடக்காமல் தடுப்பதைப் பற்றி நாங்கள் எப்போது கதைக்கப்போகிறோம்?

பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்பவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணா, ரியூசன் சேர், சில வீடுகளில் பெற்ற தகப்பன். நாங்கள் "தூக்கில போடு" என்று கத்தும்போது அந்தப் பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. "நான் வாய் திறந்தால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள்" என்று அது பயப்படுகிறது. தாய்க்கோ வேறு பயம்: "வெளியில தெரிஞ்சா நாளைக்கு உன்னை ஆர் கட்டுவினம்?" இப்படித்தான் விஷயம் வீட்டுக்குள்ளேயே அமுங்கிப்போகிறது.

பாலியல் வன்முறை மட்டும்தான் துஷ்பிரயோகம் என்றும் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அடிப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வளர்ப்பு. "ரெண்டு கண்ணையும் விட்டிட்டு மிச்சத் தோலை உரியுங்கோ சேர்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கிற பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்து 2005 இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் பிரம்பு இன்னும் போகவில்லை. பெரியவர்கள் உன் உடம்பில் என்ன செய்தாலும் நீ பேசாமல் இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கிவிட்டு, "அவன் தொட்டவுடனே ஏன் சொல்லேல்ல?" என்று பிறகு கேட்டால் என்ன நியாயம்?

புறக்கணிப்பும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தாய் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு போயிருப்பார், தகப்பன் குடிப்பார், அம்மம்மாவுக்கு ஏலாது. ஊர் உடனே "பிள்ளையை விட்டிட்டுப் போனவள்" என்று தாயைத்தான் சொல்லும். அரசாங்கமும் அதையேதான் செய்தது. 2013 இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கையைப் பெண்களிடம்தான் கேட்டார்கள். கட்டார் போகிற தகப்பனிடம் உன் பிள்ளையை யார் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை.

அடியோ, தொடுகையோ, கவனிப்பாரில்லாத வீடோ, அதன் விளைவு வகுப்பறையில் தெரியும். திடீரென்று புள்ளிகள் குறையும். காலையில் வயிற்றுக்குத்து. எட்டு வயதில் திரும்பப் படுக்கையில் சலம் போகும். ஒரு ஆளைக் கண்டால் மட்டும் பிள்ளை சுருங்கிப்போகும். நாங்கள் அந்தப் பிள்ளைக்கு "மொக்கு", "குழப்படி" என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அது "எல்லாம் என்ர பிழைதான்" என்ற நினைப்போடு வளர்கிறது.

தடுப்பது சின்ன விஷயங்களில் தொடங்குகிறது. "மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு" என்று விருப்பமில்லாத பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு இடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால், அடிக்க முதல் ஏன் என்று கேளுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். மற்றதை விசாரிப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 1998 ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிஸில் சிறுவர் மகளிர் பணியகம் இருக்கிறது.

அரசாங்கத்திடம் கேட்பதற்கும் தூக்குக் கயிற்றைவிடப் பயனுள்ளவை உண்டு. சிறுவர் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடக்கூடாது. நடந்ததைப் பொலிஸிடம் ஒரு தரம், சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒரு தரம், நீதிமன்றத்தில் ஒரு தரம் என்று பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லும் நிலை மாற வேண்டும். பிள்ளையின் சாட்சியத்தை வீடியோவில் பதிந்து பயன்படுத்த 1999 இலேயே சட்டம் வந்துவிட்டது. அதை எல்லா மாவட்டங்களிலும் முறையாக நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்போம்.

அடுத்த முறை ஒரு பிள்ளையின் படம் உங்கள் போனுக்கு வந்தால் அதைப் பகிராமல் அழித்துவிடுங்கள். பிறகு உங்கள் வீட்டிலும் அயலிலும் இருக்கிற பிள்ளைகளோடு கொஞ்சநேரம் இருந்து கதையுங்கள். பள்ளிக்கூடம் எப்படி, ரியூசன் எப்படி, ஆரைப் பிடிக்கும், ஆரைப் பிடிக்காது என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே கதைக்காதீர்கள்.