பெயரையும் சேர்த்துப் பகிர்வோம்

1894-ஆம் ஆண்டில் ராஜா ரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அரண்மனைகளையும் செல்வர் மாளிகைகளையும் அலங்கரித்துவந்த அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் அதன் பின்னர் எளியோர் வீட்டுப் பூஜை அறைகளுக்கும் வந்து சேர்ந்தனர். மக்கள் அப்படங்களை வணங்கியதோடு நின்றுவிடவில்லை. தேவியின் புடவைமீது சரிகைத் துண்டு ஒட்டினர். ஆபரணங்களின்மேல் ஜிகினா பதித்தனர். ஒருவர் வரைந்த சித்திரத்தை ரசித்து, அதில் தம் கைவண்ணத்தையும் சேர்த்து மகிழும் பழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. இன்றைய இளைஞர்கள் தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரங்களை வரைந்து இணையத்தில் இடும் ரசிகர் ஓவியங்களை அதன் தொடர்ச்சி என்றே கூறலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த படத்தில் ரவிவர்மாவின் பெயரும் உடன் வந்தது. இன்று இன்ஸ்டாகிராமில் ஒரு சித்திரத்தையோ புடவை வடிவமைப்பையோ கண்டு வியக்கிறோம். உடனே வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்புகிறோம். நான்கு கைகள் மாறுவதற்குள் படத்தின் மூலையிலிருந்த கையொப்பம் வெட்டப்பட்டுவிடுகிறது. படைப்பு ஊரெங்கும் உலவுகிறது. படைத்தவர் யாரென்று எவருக்கும் தெரிவதில்லை.

பகிர்வதால் கலைஞருக்குப் புகழ்தானே என்று சிலர் வாதிடுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் புகழ் ஒட்டிக்கொள்வதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயரின்றிப் பரவும் படம் புதிய வாய்ப்பையும் தராது, அடுத்த மாத வருமானத்தையும் தராது. வீட்டிலிருந்தபடியே சித்திரம் வரைந்தும் ஆடை வடிவமைத்தும் பிழைக்கும் ஒருவருக்கு அந்தச் சிறு கையொப்பமே கடையின் பெயர்ப்பலகை.

சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையைப் பிறருக்கு விற்றுவிட்ட பின்னரும், ‘இது என் படைப்பு’ என்று கூறும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் செகல் வடித்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் அகற்றப்பட்டுச் சிதைந்தது. அவர் தொடர்ந்த வழக்கில், எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்குமாறு 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றது மத்திய அரசே என்பது குறிப்பிடத்தக்கது. மேலும், படைப்பில் உள்ள ஆசிரியரின் பெயரை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரியது.

இதில் நம் பணமும் அடங்கியிருக்கிறது. வங்கிக் கிளைகளில் நாங்கள் கேட்கும் புகார்களில் ஒரு வகை இது: இணையத்தில் அழகிய புடவையின் படம், பாதி விலை என்ற அறிவிப்பு, யுபிஐ மூலம் பணம் செலுத்தியதும் விற்பவரின் கணக்கே மறைந்துவிடுகிறது. படம் பெரும்பாலும் வேறொரு நேர்மையான வடிவமைப்பாளருடையது. பெயர் நீக்கப்பட்ட படமே மோசடிக்காரருக்கு முதலாகிறது. ‘யார் வடிவமைத்தது?’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருந்தால் இத்தகைய வலைகளில் பெரும்பாலானவற்றில் சிக்கமாட்டோம். சிக்கிவிட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் அழைக்க வேண்டும்.

கலைஞர்களும் ஏமாற்றப்படுகின்றனர். ஓவியத்திற்கு முன்பணம் அனுப்புவதாகக் கூறி, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடச் சொல்கின்றனர். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை வரையும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதற்காக ரசிப்பதையும் பகிர்வதையும் நிறுத்திவிட வேண்டியதில்லை. படைத்தவரின் பக்கத்திலிருந்தே நேராகப் பகிரலாம். பெயர் தெரியாவிடில் தேடிப் பார்க்கலாம். கிடைக்காவிடில் பகிராமலே ரசிக்கலாம். பிறருடைய கதாபாத்திரத்தை நம் மகிழ்ச்சிக்காக வரைவது வேறு, அதையே சட்டையில் அச்சிட்டு விற்பது வேறு. விற்பதென்றால் உரியவரின் அனுமதி பெறுவதே முறை. ஆண்டுக்கு ஒருமுறையேனும், பிறந்தநாளுக்கோ திருமணத்திற்கோ, நாம் போற்றும் கலைஞர் ஒருவரிடம் விலை கொடுத்து ஒரு சித்திரம் வாங்கலாம்.

கையொப்பமில்லாத காசோலையை எந்த வங்கியும் ஏற்பதில்லை. கையொப்பம் வெட்டப்பட்ட சித்திரத்தை நாம் மட்டும் ஏன் கைமாற்றிக்கொண்டிருக்க வேண்டும்? அடுத்த முறை ‘பகிர்’ என்பதைத் தொடுமுன் படத்தின் மூலையை ஒருமுறை பார்ப்போம்.