திறப்பு விழாவிற்குப் பின்னே...

தோழரே!

வாழை மரம் கட்டினோம், தோரணம் தொங்கவிட்டோம், ஒலிபெருக்கி வைத்து ஊரைக் கூட்டினோம், கல்வெட்டில் எவர் பெயர் முதலில் என்று சச்சரவும் கண்டோம். சிற்றூருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வந்ததென்றால் விழா எடுப்பது நம் வழக்கம். எடுக்கட்டும்! ஆனால், விழா முடிந்து ஓராண்டு கழிந்தபின், அந்தக் கட்டடத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? மாற்றாரைக் கேட்கும் கேள்வியன்று இது. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் அறிக்கை தந்தது. காசில்லை என்ற காரணத்தால் எவரும் மருத்துவம் பெறாது போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. பின்னர் வகுத்த கணக்கின்படி, சமவெளியில் 30,000 பேருக்கும், மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். 5,000 பேருக்கும், மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம். கணக்கு ஏட்டில் இனிக்கிறது. ஆனால், மின்சாரம் நின்று குளிர்பெட்டி சூடேறினால், 2 முதல் 8 பாகைக்குள் காக்கப்பட வேண்டிய தடுப்பூசி மருந்து ஏட்டைப் பார்த்தா குளிரும்?

வசதி குறைந்த இடத்தில் எதுவும் இயலாது என்று கைவிரிப்போர் உண்டு. அவர்களைத் தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளின் இடையே கிடக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிற்கு அழைக்கிறேன். மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே பணி தொடங்கியபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. மாளிகையா எழுப்பினர்? ஓலைக் குடிசையில் தொடங்கினர். பட்டணத்துச் செவிலியர் வரட்டும் என்று காத்திராமல், அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி தந்தனர். குழந்தை மரணம் பன்மடங்கு குறைந்தது. குடிசை மருத்துவமனையாக வளர்ந்தது. அதைத் தாங்கி நிற்போர் அந்த மண்ணின் மகளிரே.

"அப்படியாயின் அரசு எதற்கு? தொண்டர்களே போதுமே!" என்று ஒரு குரல் எழும். இல்லை தோழரே! எல்லாப் பள்ளத்தாக்கிற்கும் அத்தகையோர் கிடைப்பரோ? அறம் செய்வோர் வந்தால் உயிர் பிழைக்கும், வராவிட்டால் போகும் என்பது உரிமையன்று, அதிர்ஷ்டம். அரசின் கடமையை அரசு செய்தே தீரவேண்டும். செய்கிறதா என்று காண்பது நம் கடமை.

அதற்கு வழியும் உண்டு. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு நிலையமும் பெறும் மருந்தைப் பாஸ் புத்தகத்தில் பதிகிறது. பாம்புக் கடிக்கும் நாய்க் கடிக்கும் மருந்து இருப்பில் உண்டா? கேளுங்கள். 2005இல் தொடங்கிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் வழியே நோயாளர் நலச் சங்கம் வந்தது. ஊராட்சியின் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. அது கூடுகிறதா? கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. செவிலியர் பணியிடம் காலியென்றால் அங்கே தீர்மானம் போடுங்கள்.

ஒன்றை மறவாதீர்! கேள்வி கேட்பது வேறு, கூச்சலிடுவது வேறு. மருந்து வராததற்குச் செவிலியரை ஏசுவது, மழை பெய்யாததற்குக் குடத்தை உடைப்பது போன்றது. இரவில் பேறுகாலம் பார்க்க வரும் அந்தச் சகோதரிக்குத் துணை தேவை. தங்கக் கதவுள்ள அறை தேவை. தெருவில் விளக்குத் தேவை. இவற்றையும் கேட்டுப் பெறுவதே ஆதரவு.

அடுத்த ஞாயிறு, கிளைக் கூட்டத்தை முடித்தபின் ஒரு நடை போய் வாருங்கள். மாலை வேண்டாம், மேடை வேண்டாம். குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் மகிழுங்கள். வராவிட்டால், வரும்வரை ஓயாதீர்!