தொட்டிச் செடிக்கும் ஒரு நாற்றங்கால்

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு கேள்வி. அதில் இருக்கும் செடி எங்கிருந்து வந்தது?

இந்த வியாபாரத்தில் ஓடையிலும் குளத்திலும் பிடுங்கப்பட்ட செடிகளும் உண்டு. கிரிப்டோகோரைன் வென்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமெங்கும் தொட்டிகளில் இருக்கும் இந்தச் செடிக்குத் தாய்மண் இலங்கை மட்டும்தான். ஆளாளுக்கு ஓடையில் இறங்கிப் பறித்தால் என்ன மிஞ்சும்?

இதற்கு விடைதான் திசு வளர்ப்பு. குருத்தின் சிறு துண்டைக் கிருமி நீக்கி, உப்புகள், சர்க்கரை, வைட்டமின், அகர் கலந்த ஊடகத்தில் வைக்கிறார்கள். முராஷிகேயும் ஸ்கூக்கும் 1962-ல் புகையிலைத் திசுவை வைத்து உருவாக்கிய ஊடகம்தான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் குருத்துகள் பெருகும். ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர் விடும். ஒரு குருத்து மாதம் நான்காகும் என்று வைத்துக்கொண்டால், ஆறே மாதத்தில் 4096! நத்தையும் பாசியும் ஒட்டிக்கொண்டு வராது.

கேட்க எளிதுதான். ஆனால் நான் வைத்த முதல் பத்துக் குப்பிகளில் ஏழு, ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டன. காரணம் வேறு யாருமில்லை, என் கைதான். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ், வடிகட்டிய காற்று, நிற்காத மின்சாரம்... ஊருக்கு ஊர் ஆய்வகம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் நெட்டப்பாக்கத்துக்கு ஏற்றது அதற்கு அடுத்த கட்டம். குப்பியில் வளர்ந்த செடிக்கு வெளிக்காற்று தாங்காது. இலையில் மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது. அகரைக் கழுவி, ஈரமான நிழலில் மூடி வைத்து, சில வாரங்களில் மெல்ல மெல்லத் திறந்து பழக்க வேண்டும். கிரிப்டோகோரைன், அனுபியாஸ் போன்றவை நீருக்கு மேலேயும் வளரும். நிழல்வலை, தண்ணீர், பொறுமை போதும். நாற்றங்கால் பார்த்தே வளர்ந்த எங்கள் அம்மாக்களுக்கு இது புதிய வித்தையா என்ன? குப்பியை நகரத்து ஆய்வகம் தரட்டும், வளர்ப்பை ஊர் பார்க்கட்டும். விற்க, சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை இருக்கிறது. ஆனால் லாபம் முழுவதும் குப்பி தருகிறவருக்கே போய்விடக் கூடாது. விலையை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

இன்னொன்று. மிஞ்சிய செடியை வாய்க்காலில் வீசக் கூடாது. ஆகாயத்தாமரையும் அழகுக்காக நம் நாட்டுக்கு வந்ததுதான்! பாகூர் ஏரிக்கு இன்னொரு ஆகாயத்தாமரை வேண்டாம்.

குளத்தைக் காலி செய்யாமலும் குளத்தைக் கெடுக்காமலும் நாலு காசு பார்க்க ஒரு வழி இருக்கிறது. தாவரவியல் படிக்கிற நாமே அதை ஊருக்குச் சொல்லாவிட்டால், வேறு யார் சொல்வார்கள்?