பொட்டலத்திற்கு ஒரு வண்டியா?

வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடி 2021-ம் வருஷத்தில் நகராட்சியாயிற்று. நகர அந்தஸ்தோடு நகரத்தின் தொல்லைகளும் வந்து சேருமென்பது நாம் எதிர்பார்த்ததே. ஆயினும், ஒரு வீட்டுக்குச் செல்போன் உறை கொணர ஒரு மோட்டார் சைக்கிளும், அடுத்த வீட்டுக்கு ஒரு ஜோடிச் செருப்புக் கொணர வேறொரு கம்பெனியின் மோட்டார் சைக்கிளும் ஒரே தெருவில் ஓடுவது வியாபார அபிவிருத்தியா, பெட்ரோல் விரயமா? வீடு பூட்டிக் கிடந்தால் அதே பொட்டலம் மறுநாளும் அலைகிறது. புகை ஊராருக்கு, பெட்ரோல் செலவோ, பல இடங்களில், சுமந்துவரும் இளைஞருக்கு.

மின்சார வண்டிகளே பரிகாரமென்கிறார்கள். நல்ல பரிகாரந்தான், ஆனால் யார் செலவில்? டில்லி சர்க்கார் 2023-ல் வகுத்த திட்டம், 25 வண்டிகளுக்குக் குறையாத கம்பெனிகள் 2030 ஏப்ரல் முதல் தேதிக்குள் அனைத்தையும் மின்சார வண்டிகளாக்க வேண்டுமென்கிறது. நமது சர்க்காரோ 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், 2,000 தொழிலாளர் மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தனர். அங்கே பொறுப்பு கம்பெனியின் தலையில். இங்கே, மானியம் போக மீதிக் கடன் தொழிலாளியின் தலையில். இது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

மேலும், ஐந்து வண்டி மின்சாரத்தில் ஓடினாலும் தெருவில் நிற்பவை ஐந்தே. தபால்காரரைப் பாருங்கள். கடிதம் எழுதுவோர் பலர் என்பதற்காக ஒரு தெருவுக்குப் பல தபால்காரர் வருவதில்லை. பம்பாயில் 1890 முதல் சாப்பாட்டுப் பாத்திரங்களை ரயிலிலும் சைக்கிளிலும் சேர்ப்பித்துவரும் டப்பாவாலாக்களின் முறையும் இதுவே: பல வீட்டுப் பாத்திரங்களை ஓரிடத்தில் கூட்டி, போய்ச் சேருமிடவாரியாகப் பிரித்துக்கொள்வது.

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தார் 2022 ஆகஸ்டு 3-ந் தேதி முதல் தங்கள் பஸ்களில் பார்சல் ஏற்றத் தொடங்கினர். எப்படியும் ஓடுகிற பஸ்ஸில் காலியிடமிருக்கத் தனி வண்டி எதற்கு? விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடி வரும் பஸ்களுக்கும் இவ்வேற்பாட்டை விஸ்தரிக்கலாம். பஸ் நிலையத்தருகே நகராட்சி ஒரு பொது அறை ஒதுக்கட்டும். எல்லாக் கம்பெனிகளின் பொட்டலங்களும் அங்கிறங்கித் தெருவாரியாகப் பிரியட்டும். தெருவுக்கு ஒருவர் எடுத்துச் செல்லட்டும். சிறு பொட்டலங்களுக்குச் சைக்கிளே போதும். பகலில் வீடு பூட்டிச் செல்வோர் மாலையில் தாமே வந்து பெற்றுக்கொள்ளலாம்.

கம்பெனிகள் போட்டியாளராயிற்றே என்பர். விலையில் போட்டியிடட்டும், சந்துகளில் வேண்டாம். ஆட்கள் குறைவரே என்ற ஆட்சேபம் கனமானது. அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பொட்டலத்துக்கு இவ்வளவென்று கூலி பெறுபவர், அரை நாள் அலைந்து பெறுவதை ஒரே தெருவில் பெறுவாராயின் பெட்ரோல் காசாவது அவர் கையில் நிற்கும். பெரிய பொட்டலங்களைப் பிரிப்பதற்கும் அறையைக் காப்பதற்கும் ஆட்கள் வேண்டியிருக்கும்.

அறை வாடகையைக் கம்பெனிகளிடமே வசூலிக்கலாம். நகராட்சி அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பிரஸ்தாபிப்பார்களா?