நிரை பிடித்து எழுதுவோம்



வருடம் பிறந்ததும் புதுக் கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு எழுதத் தொடங்கி, தைப்பொங்கலுக்கு முன்பே அதைக் கடைக்கணக்குக் கொப்பியாக்கிவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் அவர்களில் ஒருத்திதான்.

"எழுத நேரமில்லை" என்கிறோம். அது பொய்யல்ல. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, மாலையில் கொழுந்து நிறுத்து, விறகோடு காம்பராவுக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஏது நேரம்? ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மலையில் நாம் தனியாகக் கொழுந்து எடுப்பதில்லை. நிரை பிடித்துத்தான் போகிறோம். பக்கத்து நிரைக்காரி நடந்தால் நம் காலும் நடக்கிறது. அப்படியானால் எழுத்துக்கும் ஒரு நிரை பிடித்தால் என்ன? கங்காணியின் சத்தம் இல்லாத நிரை!

இன்று பல நாடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். குறித்த நேரத்தில் கைத்தொலைபேசியையோ கணினியையோ முன்னால் வைத்து, தாம் எழுதுவதை மற்றவர்கள் பார்க்க நேரடியாக ஒளிபரப்புகிறார்கள். 2020இல் கொரோனா எல்லோரையும் வீட்டுக்குள் முடக்கியபோது, லண்டனைச் சேர்ந்த ஓர் எழுத்தாளர் குழு இணையவழியில் தினமும் "எழுத்தாளர் மணிநேரம்" நடத்தத் தொடங்கியது. பேச்சில்லை, பாடமில்லை. எல்லோரும் ஒன்றாக இருந்து எழுதினார்கள். அதற்கும் முன்பே, அமெரிக்க எழுத்தாளர் ஹார்லன் எலிசன் புத்தகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்து, தெருவில் போவோர் பார்க்கக் கதை எழுதியிருக்கிறார்.

நமக்கும் ஒரு முன்னோடி உண்டு. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாம் எழுதிய பாடல்களைத் தாமே பாடினார். அவை 1940இல் நூலாகவும் வந்தன. கேட்கக் காத்திருந்த சனத்துக்காக எழுதியவர் அவர். ஒருவர் காத்திருக்கிறார் என்றால் பேனா நிற்காது.

எப்படித் தொடங்குவது? நான்கைந்து பேர் போதும். பதுளையில் ஒருத்தி, பசறையில் ஒருத்தி, அப்புத்தளையில் ஒருத்தி என்றிருந்தாலும் வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் சேரலாம். வாரத்தில் இரண்டு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணித்தியாலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொருவரும் எதை எழுதப் போகிறோம் என்று ஒரு வசனத்தில் சொல்லுங்கள். பிறகு இருபது நிமிடம் மௌனம். முடிவில் விரும்பியவர் மட்டும் ஒரு பந்தி வாசிக்கட்டும். எழுத்துப்பிழை பிடிப்பது அன்றைக்கு வேண்டாம்.

டேட்டா செலவு கூடும் என்றால், தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் படத்தைக் காட்டி, இடையில் குரலோடு இருங்கள். சிக்னல் இல்லாத மலையென்றால், பக்கத்துக் காம்பராத் தோழியோடு இஸ்தோப்பில் அமர்ந்தாலும் அது நிரைதான். ஆனால், யாரும் பார்க்கும்படி பேஸ்புக்கில் ஒளிபரப்ப அவசரப்பட வேண்டாம். தெரிந்தவர்களின் குழுவே பாதுகாப்பு. கெமராவை முகத்துக்கோ வீட்டுக்குள்ளோ திருப்பாமல், கொப்பிக்கும் கைக்கும் நேரே வையுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெண் தனியாக இருந்து எழுதினால், வீட்டார் கண்ணுக்கு அவள் சும்மா இருப்பவள். "தேத்தண்ணி ஊத்து" என்ற குரல் உடனே வரும். "எல்லோரும் காத்திருக்கிறார்கள், எனக்குக் கூட்டம் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அரை மணித்தியாலம் உங்களுடையதாகும். முதல் சில நாள் முணுமுணுப்பு வரலாம். விட்டுக்கொடுக்காதீர்கள்.

எதை எழுதுவது என்று கேட்கிறீர்களா? அம்மாயி பாடிய தாலாட்டை எழுதுங்கள். முதல் சம்பளம் வாங்கிய நாளை எழுதுங்கள். பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டு மலையேறிய காலையை எழுதுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. மனிதரோடு சேர்ந்து அவர்கள் நெஞ்சில் மட்டும் இருந்த பாட்டும் கதையும் புதைந்தன. அவற்றை இனி யாரால் தோண்டி எடுக்க முடியும்? கொப்பியில் இருந்தால் ஒரு பிரதியாவது இன்னொரு வீட்டில் இருந்திருக்கும்.

ஆகவே சகோதரிகளே, இந்த வாரமே ஒரு தோழியை அழையுங்கள். நாளையும் நேரத்தையும் குறியுங்கள். பத்து வரி எழுதினால் போதும். அடுத்த தடவை அவள் உங்களுக்காகக் காத்திருப்பாள்.