எது மூல வர்ணம்?

பலாறோ சந்தையை அடுத்த அல்பெர்கேரியாப் பகுதியில் பழைய பொருட்களைத் தெருவோரத்திற் பரப்பி விற்பதைப் பலேர்மோ வாழ் எம்மவர் யாவரும் அறிவர். சென்ற மாதம் எமது அயலில் வசிக்கும் இளைஞன் ஒருவன் அங்கிருந்து ஒரு மின்கிற்றாரை வாங்கி வந்தான். 1960களில் றெக்கனாற்றி நகரின் எக்கோ தொழிற்சாலையிற் செய்யப்பட்ட வாத்தியம் அது. மேனி முழுவதும் கறுப்பு. வலது முழங்கை படும் இடத்தில் மட்டும், முன்பு வைத்திருந்தவர் பல்லாண்டு வாசித்ததன் அடையாளமாகப் பூச்சுத் தேய்ந்திருந்தது. கழுத்துப் பகுதியின் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தபோதுதான், வெயில் காணாத அந்தக் குழிக்குள் செக்கச் சிவந்த நிறம் ஒளிந்திருப்பது தெரிந்தது.

“மாஸ்ரர், கறுப்பை முழுக்க உரஞ்சி எடுத்துப்போட்டு, பழைய சிவப்புக்கே கொண்டுவரப் போறன். என்ன சொல்லுறியள்?” என்று கேட்டான்.

ஒரு கிழமை பொறு என்றேன். அந்த ஒரு கிழமையில் யாம் வாசித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மின்கிற்றாரின் வர்ணத்துக்கும் மோட்டார்க் காருக்கும் நெருங்கிய உறவு உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பென்டரின் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ராற்றோகாஸ்ரர் கிற்றார்கள், விரும்பியோருக்கு விசேட வர்ணங்களிலும் செய்து கொடுக்கப்பட்டன. அவ்வர்ணங்களிற் பெரும்பாலானவை டியூப்பொன்ற் நிறுவனம் கார்களுக்கெனத் தயாரித்தவை. பியெஸ்ரா சிவப்பு போர்ட் காரிலிருந்து வந்தது; லேக் பிளாசிட் நீலம் காடிலாக் காரிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின் கார்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே கார், உடையவர் மாற மாற, நிறமும் மாறி ஓடியதை நாம் காணவில்லையா?

அக்காலத்துப் பூச்சுகளிற் பல நைற்றோ செலுலோஸ் வகையின. அவை மெல்லியவை, காலப்போக்கில் மஞ்சள் பூப்பவை. இதனால் வெள்ளைக் கிற்றார் வெண்ணெய் நிறமாகும். நீலம் பச்சை சாயும். 1960களின் பிற்பகுதியிலிருந்து பல தொழிற்சாலைகள் தடித்த பொலியெஸ்ரர் பூச்சுக்கு மாறின. எந்தப் பூச்சு என்று அறிய, கண்ணிற் படாத ஓரிடத்தில் ஒரு துளி அசெற்றோன் வைத்தாற் போதும். நைற்றோ செலுலோஸ் இளகிப் பிசுபிசுக்கும், பொலியெஸ்ரர் அசையாது. இதை அறியாமல் அரத்தாளை எடுப்பவர், மேற்பூச்சோடு அடிப்பூச்சையும் மரத்தையுங்கூடத் தின்றுவிடுவார். தூசு நெஞ்சுக்குக் கேடு. நைற்றோ செலுலோஸ் எளிதில் தீப்பற்றக்கூடியது. சமையலறையிற் செய்யும் வேலையன்று இது.

செய்முறை இவ்வளவுதான். ஆனால், மூல வர்ணம் என்று எதைச் சொல்வது? தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளிலிருந்த நிறமா? ஐம்பது ஆண்டில் மங்கிப் பழுத்த நிறமா? அல்லது அந்த வாத்தியத்தை உலகம் எந்த நிறத்திற் கண்டதோ, அந்த நிறமா?

பீற்றில்ஸ் குழுவின் ஜோன் லெனன் 1960இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு றிக்கன்பாக்கர் கிற்றாரை வாங்கினார். 1958இற் செய்யப்பட்ட அதன் நிறம் மரத்தின் இயற்கை நிறம். சில ஆண்டுகளில் அதற்குக் கறுப்புப் பூசுவித்தார். 1964 பெப்ரவரி 9ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் கண்டது அந்தக் கறுப்புக் கிற்றாரைத்தான். பின்னர் 1970களின் தொடக்கத்தில், கறுப்பு நீக்கப்பட்டு மீண்டும் மர நிறம் கொடுக்கப்பட்டது. மூலத்துக்குத் திரும்பியது உண்மை. ஆனால் உலகம் அறிந்த கிற்றார் அன்றோடு மறைந்தது என்பதும் உண்மை.

இவ்வளவு தூரம் போவானேன்? பலாறோவிலிருந்து சில நிமிட நடையில் சான் ஜொவான்னி டெலி எரெமிற்றித் தேவாலயம் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் அரசன் இரண்டாம் றொஜர் காலத்திற் கட்டப்பட்டது. அதன் செங்குவிமாடங்கள் இந்நகரின் சின்னமாகவே தபாலட்டைகளில் விளங்குகின்றன. ஆனால் அந்தச் சிவப்பு, 1880களின் திருத்த வேலையின்போது, பழைய சாந்தில் எஞ்சியிருந்த செந்நிறச் சுவடுகளை ஆதாரமாகக் கொண்டு பூசப்பட்டது. முதல் நிறம் இதிலும் இருண்டதாக இருந்தது என்பர். நாம் மூலம் என்று வியப்பது, மூலத்தைப் பற்றி ஒருவர் செய்த ஊகமாகவும் இருக்கலாம்.

1939இல் உரோமாபுரியில் நிறுவப்பட்ட புனரமைப்பு நிலையத்தின் முதற் பணிப்பாளர் செசாரே பிராண்டி, 1963இல் வெளிவந்த தமது நூலில் இதற்கொரு நெறி வகுத்தார். பழுதைத் திருத்தலாம், ஆனால் அப்பொருள் கடந்து வந்த காலத்தின் சுவடுகளைத் துடைத்தெறிதல் ஆகாது. புதிதாகச் சேர்த்தது எது என்பது நெருங்கிப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் சொன்னது சந்தைக் கிற்றாருக்கும் பொருந்தும் என்றே எனக்குப் பட்டது.

இவையனைத்தையும் இளைஞனுக்குச் சொன்னேன். கறுப்பை விட்டுவைப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாஸ்ரர், அந்தக் கறுப்பைப் பூசினவர் தன்ர விருப்பத்துக்குத்தானே பூசினவர்? எனக்குச் சிவப்புத்தான் விருப்பம்” என்றான். சிவப்பு மூலம் என்பதற்காகவன்று, பிடித்திருக்கிறது என்பதற்காக! மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆயினும் மூன்று காரியங்களுக்கு இணங்கினான். தொடங்குமுன் நாற்புறமும் படம் எடுத்தான். கழுத்துக் குழிக்குள் இருக்கும் தொழிற்சாலைச் சிவப்பைத் தொடாமல் விடுவான். ஒலிவாங்கிகளை மூடும் தகட்டின் கீழே, இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பையும் விட்டுவைப்பான். பின்னொரு நாள் அதைத் திறப்பவர் மூன்று வர்ணங்களையும் ஒருங்கே காண்பார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிந்தியது. இந்நகரிற் பிறந்து வளரும் பிள்ளைகளின் பேச்சிலும் நடையிலும் படிந்துள்ள சிசிலிப் பூச்சை உரஞ்சி எடுத்துவிட்டால், உள்ளே நாம் அறிந்த ஊர்ச் சிவப்பு அப்படியே இருக்கும் என்று நானும் பல மேடைகளிற் பேசியிருக்கிறேன். உரஞ்சும்போது எதுவரை தேயும் என்பதை நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஒரு துளி வைத்துச் சோதித்துப் பார்த்ததுமில்லை.

கிற்றார் இன்னும் பூசி முடியவில்லை. நைற்றோ செலுலோஸ் பூச்சு முற்றாகக் காயச் சில கிழமைகள் செல்லும். அதுவரை தொடக்கூடாதாம். காத்திருக்கிறோம்.