என் பாடத்தில் அவள் சாகவில்லை

"அந்தப் பொண்ணு சாகல மேம். என் கதையில அவ உயிரோடதான் இருக்கா."

சொன்னவள் எங்கள் இரண்டாமாண்டு மாணவி. மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவள். பிடித்த அறிவியல் புனைகதை பற்றி வகுப்பில் பேசச் சொல்லியிருந்தேன். அவள் 'எந்திர'னை எடுத்துக்கொண்டாள்.

2010-இல் வந்த அந்தப் படத்தில் ஒரு தீவிபத்து வரும். ரோபோ சிட்டி ஒவ்வொருவராகக் காப்பாற்றிக்கொண்டு வரும். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, ஆடையில்லாமல், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு நடுவே தூக்கிக்கொண்டு வந்துவிடும். அவமானம் தாங்காமல் அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாவாள். மனித உணர்வு புரியாத எந்திரம் இது என்று விஞ்ஞானிக்கு அப்போதுதான் உறைக்கும். சிட்டிக்கு உணர்ச்சி ஊட்டப்படும், அது சனாவைக் காதலிக்கும், படம் மேலே போகும். செத்தவள் போனவள் போனவள்தான். ஒரு எந்திரத்துக்குப் பாடம் புகட்ட ஒரு பெண்ணின் நிர்வாணமும் பிணமும் தேவைப்பட்டிருக்கின்றன.

மாணவியின் நோட்டில் கதை வேறு. குடியிருப்பின் பெண்கள் கேமராக்களுக்குக் குறுக்கே சுவராக நிற்கிறார்கள். அவள் வீட்டுக்குப் போகிறாள். மறுவாரம் வேலைக்குப் போகிறாள். சிட்டி ஒருநாள் வந்து மன்னிப்புக் கேட்கிறது. "வெளியில நில்லு" என்கிறாள்.

வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆண் பேராசிரியர் ஒருவர் சிரித்தார். "படத்துல அவ செத்துட்டாளேம்மா. எடுத்தவங்க அப்படி எடுத்திருக்காங்க. நீ எப்படி மாத்துவ?" இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்குப் பதில்.

ரசிகர் உலகில் இதற்குப் பெயர் உண்டு. அதிகாரபூர்வமான கதை 'கேனன்'. ரசிகர் தன் மனதுக்குள் வைத்துக்கொள்வது 'ஹெட்கேனன்'. என் மாணவிகள் இந்தச் சொற்களைச் சரளமாகப் புழங்குகிறார்கள். ஒருத்தி 'எந்திர'னை அருங்காட்சியகக் காட்சியோடு முடித்துக்கொள்கிறாள். 2018-இல் வந்த '2.0' அவள் கணக்கில் இல்லை. காரணம் கேட்டேன். "அதுல சனா போன்ல குரலா மட்டும்தான் மேம் வர்றா." நியாயம்தானே? முதல் படம் முழுக்க யாருக்காக இரண்டு ரஜினிகள் அடித்துக்கொண்டார்களோ, அவளுக்கு அடுத்த படத்தில் முகம்கூட இல்லை.

தமிழ் படித்தவளாக எனக்கு 'பாடம்' என்ற சொல்தான் பிடிக்கிறது. ஏடு எழுதியவர்கள் கைக்குக் கை வேறுபடுத்தினார்கள். பதிப்பாசிரியர்கள் அதைப் பாடபேதம் என்று மரியாதையோடு அடிக்குறிப்பில் ஏற்றினார்கள். ஓலையில் ஆண்கள் செய்தால் பாடபேதம். நாற்பது பக்க நோட்டில் ஒரு பெண் செய்தால் கிறுக்கல். புதுமைப்பித்தன் 1943-இல் 'சாபவிமோசனம்' எழுதினார். சீதையை ராமன் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. அதைத்தான் நான் வகுப்பில் நடத்துகிறேன், மதிப்பெண் போடுகிறேன். "மூலத்தில் இல்லையே" என்று அந்தப் பேராசிரியர் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் கருங்குழிக்காரி. செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம் போகிற ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு சின்ன நிறுத்தம். இந்தப் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் கோயில்கள் நிறைய. பாரதம் எனக்குப் புத்தகமாக வரவில்லை. பகலில் பிரசங்கமாகவும் இரவில் கூத்தாகவும் வந்தது. துகில் உரியும் இரவில் துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டதைச் சிறுமியாகப் பாட்டி மடியில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். பாஞ்சாலி வேடத்தில் இருந்தவரும் ஆண்தான் என்பது வேறு விஷயம். கடைசியில் படுகளம். மண்ணில் பிரமாண்டமாகக் கிடக்கும் துரியோதனன்மேல் ரத்தச் சிவப்பு. அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி முடிகிறாள். பிறகு தீமிதி. தருமருக்குப் பட்டாபிஷேகம். நான் பார்த்த திருவிழாக்களில் கதை அங்கே முடிந்துவிட்டது.

வியாச பாரதம் அங்கே முடியவில்லை. கல்லூரியில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாண்டவர்கள் எல்லாவற்றையும் துறந்து இமயமலை ஏறுகிறார்கள். முதலில் விழுந்து சாகிறவள் திரௌபதி. ஏன் என்று பீமன் கேட்கிறான். ஐந்து பேரில் அர்ச்சுனன்மேல் அவளுக்குக் கூடுதல் பிரியம், அந்தக் குற்றம் என்கிறான் தருமன். அவளைச் சூதில் வைத்து ஆடியவன் சொல்கிறான்! திரும்பியும் பார்க்காமல் நடக்கிறான்.

அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பாட்டி அதை அறியாமலே இறந்தாள். அவளுடைய திரௌபதி கூந்தல் முடித்த திரௌபதி. பனியில் விழுந்தவள் அல்ல. என் பாட்டி அறியாமையில் இருந்தாளா? இல்லை. அவள் ஒரு பாடத்தில் இருந்தாள். அந்தப் பாடத்துக்கு வில்லிபுத்தூராரும் துணை: அவர் பத்துப் பருவங்களோடு, போர் முடிந்த கையோடு நிறுத்திக்கொண்டார். மிச்சம் வேண்டியவர்களுக்காகப் பின்னால் நல்லாப்பிள்ளை வந்தார். பாரதியோ சபதம் உரைத்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் எத்தனை இரவு கூத்து, எந்தக் கதையை விடுவது என்று முடிவெடுக்கும் பெரியவர்களைப் பார்த்தும் யாரும் சிரிப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை.

மாமல்லபுரத்துக்கு வாருங்கள். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய ஐந்து ஒற்றைக்கல் கோயில்களில் மிகச் சிறியது, கூரைக் குடிசைபோல் இருப்பது, திரௌபதி ரதம். அது ரதமும் இல்லை, திரௌபதிக்கும் இல்லை. உள்ளே நிற்பவள் கொற்றவை. காலடியில் ஒருவன் தன் தலையையே அரிந்து தரத் துணிந்து மண்டியிட்டிருக்கிறான். ஜனங்கள் பார்த்தார்கள், ஐந்து கோயில், ஒன்றில் ஒரு பெண். திரௌபதி என்றார்கள். நகுல சகாதேவர்களுக்குச் சேர்த்து ஒன்றுதான் கிடைத்தது. அவளுக்குத் தனியாக ஒன்று. இன்று தொல்லியல் துறையின் பலகையும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. மன்னன் நினைத்தது நிற்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னது நின்றுவிட்டது.

கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன, ஆனால் மேலிருந்து. ஸ்டார் வார்ஸை டிஸ்னி வாங்கியது 2012-இல். 2014 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு: இதுவரை வந்த நாவல்கள் எல்லாம் இனி வெறும் 'லெஜண்ட்ஸ்', கேனன் இல்லை. 1991-இல் டிமோதி ஜான் நாவலில் பிறந்து லூக்கை எதிர்த்து, பின்னால் அவனையே மணந்த மாரா ஜேட் அந்த அறிவிப்போடு இல்லாதவளாகிப்போனாள். அவளோடு வளர்ந்த பெண்கள் விடவில்லை. எனக்கு அவர்களைப் புரிகிறது. ஒரு கடிதத்தாளில் என் தோழியைக் கொன்றால் நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

"அப்படியானால் ஆளாளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வரலாற்றையே மாற்றுகிறார்களே, அதுவும் சரியா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏ. கே. ராமானுஜனின் முந்நூறு ராமாயணங்கள் பற்றிய கட்டுரையை 2011-இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து தூக்கியது. தூக்கச் சொன்னவர்களிடமும் ஒரு பாடம் இருந்தது. மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் இருக்கக் கூடாது என்றார்கள். என் மாணவி யாருடைய படச்சுருளையும் எரிக்கவில்லை. தியேட்டரில் அந்தப் பெண் செத்துக்கொண்டேதான் இருக்கிறாள். வரலாறு என்பது வேறு: நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கதையில் நடந்ததற்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

ஆனாலும் அவளிடம் எனக்கு ஒரு சண்டை இருந்தது. சாவை எடுத்துவிட்டால் படத்தைத் தப்பிக்கவிட்டதாகாதா? கூத்து துகிலுரிதலை வெட்டவில்லையே. சபையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரையும் விடியவிடியத் தலைகுனிய வைக்கிறதே. அந்தப் பெண் செத்தாள், அந்தச் சாவைப் படம் பயன்படுத்திக்கொண்டது, இரண்டையும் எழுது என்றேன். ஒரு வாரம் நோட்டை வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நீங்க பாரதத்துல கடைசிய வெட்டுறீங்க மேம். நான் நடுவுல வெட்டுறேன். உங்களுக்கு மட்டும் எப்படி?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வருடம் படுகளத்துக்குக் கருங்குழிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கடைசிப் பேருந்து போய்விடும், எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள் என்று. நோட்டையும் கொண்டுவருவாள், சிட்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறதாம்.